ஸ்பிதி: மணாலி வழியா ஏறணுமா, கின்னௌர் வழியாவா?

மே 29, இரவு 10.12 | கியர்வண்டி

ஜூன் கடைசில 8 நாள் லீவு, இமாச்சல்ல இருக்கிற ஸ்பிதி பள்ளத்தாக்குக்குப் போறோம். மூணு பேர். டெல்லி வரை பிளைட், அங்கேருந்து வாடகை கார். முதல் நாள் மணாலி, ரெண்டாம் நாள் ஸ்பிதியோட பெரிய ஊர் காஸா, மூணாம் நாள் அதுக்கு மேல இருக்கிற கிராமங்கள் கீ, கிப்பர், லாங்ஸா, ஹிக்கிம், கோமிக் எல்லாத்தையும் முடிச்சிட்டு, நாலாம் நாள் சந்திரதால் ஏரிக்கிட்ட டெண்ட், அஞ்சாம் நாள் திரும்ப மணாலி. மீதி நாள் மணாலியில ரெஸ்ட். யூடியூப்ல ஒருத்தர் இதே ரூட்டை நாலே நாள்ல முடிச்சிருக்கார். எங்களுக்கு வயசு 27, 28, 29. மூணு பேரும் ஜிம் போறோம். அப்புறம் ஏன் எல்லாரும் சிம்லா, கின்னௌர் வழியா சுத்திப் போகச் சொல்றாங்க? 200 கிலோமீட்டர்ல போற இடத்துக்கு 400 கிலோமீட்டர் எதுக்கு?

மே 29, இரவு 11.40 | ஒத்தையடி

ஜிம்மை விடுங்க. உயரநோய் தசையைப் பார்த்து வராது. தெம்புள்ளவன் இன்னும் சுலபமா மாட்டுவான், ஏன்னா தலைவலியை மதிக்காம மேல மேல நடக்கிறவன் அவன்தான்.

கணக்கு இது. மணாலி 2,050 மீட்டர். காஸா சுமார் 3,700. நடுவுல குன்சும் கணவாய் சுமார் 4,550. நேத்து ராத்திரி படுத்த இடத்துக்கும் இன்னைக்குப் படுக்கிற இடத்துக்கும் 1,650 மீட்டர் வித்தியாசம். 3,000 மீட்டரைத் தாண்டினதுக்கு அப்புறம் ஒரு ராத்திரிக்கு 500 மீட்டருக்கு மேல ஏறிப் படுக்கக் கூடாது, மூணு நாலு நாளைக்கு ஒருமுறை அதே உயரத்துல ஒரு ராத்திரி கூடுதலா தங்கணும். மலை மருத்துவம் தெரிஞ்சவங்க சொல்ற விதி இவ்வளவுதான். பகல்ல மேல ஏறிட்டு இறங்கினா குத்தமில்லை. படுக்கிற உயரம்தான் கணக்கு.

இதைவிடப் பெரிய விஷயம் ஒண்ணு இருக்கு, அதை யாரும் சொல்றதில்லை. காஸாவுல ராத்திரி ரெண்டு மணிக்கு ஒருத்தருக்கு வாந்தி நிக்கல, கோட்டுல அடிமேல் அடி வெச்சு நடக்கச் சொன்னா தள்ளாடுறார். அப்போ மருந்து ஒண்ணே ஒண்ணுதான்: கீழே இறக்கணும். மணாலிப் பக்கம் இறக்கணும்னா முதல்ல அவரை 4,550-க்கு ஏத்தணும். மணாலி வழியா வந்தவனுக்குத் தெரிஞ்ச ஒரே ரோடு அதுதான், பதட்டத்துல அங்கேதான் வண்டியைத் திருப்புவான். கின்னௌர் பக்கமா வந்தவனுக்கு ஆத்தோட கூடவே இறங்குற ரோடு தெரியும். அதுக்காகத்தான் 400 கிலோமீட்டர்.

மே 30, காலை 7.05 | கியர்வண்டி

அந்த யூடியூப்காரருக்கு ஒண்ணும் ஆகலையே அண்ணா?

மே 30, காலை 7.31 | ஒத்தையடி

நாலு நாள்ல முடிச்சவர் வீடியோ போடுவார். முடியாதவர் கேமராவையே எடுத்திருக்க மாட்டார்.

மே 30, மதியம் 1.20 | ஒத்தையடி

8 நாளுக்கு ஒரு வழி. டெல்லிக்குப் பதிலா சண்டிகர் பிளைட் கிடைக்குதான்னு பாருங்க, ஒரு பகல் மிச்சம். முதல் ராத்திரி நார்கண்டா (2,700). ரெண்டாம் ராத்திரி கல்பா (2,950), ரெக்காங் பியோ (சுருக்கமா பியோ) ஊருக்கு மேல இருக்கு, எதிர்ல கின்னர் கைலாஷ் மலை. மூணாம் ராத்திரி நாகோ (3,650). நாலு தாபோ, அஞ்சு, ஆறு காஸா, ஏழாம் நாள் விடியறதுக்கு முன்னாடி கிளம்பி குன்சும் ஏறி மணாலி, எட்டு டெல்லி. சந்திரதாலை வெட்டிடுங்க. 8 நாள்ல அது உட்காராது.

மே 31, இரவு 9.15 | கணக்குப்பிள்ளை

500 மீட்டர் விதியை எழுதின கையாலேயே கல்பாவிலேருந்து நாகோவுக்கு 700 மீட்டர் ஏத்திப் படுக்க வெச்சிருக்கீங்க.

மே 31, இரவு 9.58 | ஒத்தையடி

சரிதான், தப்பு என்னுது. எல்லாரும் நாகோவுல தங்குறதால கை தானா அப்படியே எழுதிடுச்சு. மாத்திப் படிங்க: நாகோவுல ஒரு மணி நேரம் நிறுத்தி ஏரியைச் சுத்திட்டு, சாப்பிட்டுட்டு, அன்னைக்கே தாபோவுக்கு (3,280) இறங்கிப் படுங்க. கல்பாவிலேருந்து 330 மீட்டர்தான் ஏத்தம். மறுநாள் வழியில தங்கர் மடம் பார்த்துட்டு காஸா, 420 மீட்டர். விதிக்குள்ள அடங்குது. கல்பாவை விட்டு ஏழு மணிக்குள்ள கிளம்பணும், இல்லன்னா நாகோவைத் தாண்டினதும் வர்ற மலிங் சரிவுல மதியத்துக்கு மேல மாட்டுவீங்க. வெயில் ஏற ஏற மேல பனி உருகி, தண்ணியோட கல்லும் சேர்ந்து இறங்கும்.

மிச்சமாகுற ஒரு ராத்திரியை தாபோவுக்கே கொடுங்க. ஸ்பிதியில அவசரமா பார்க்கக் கூடாத இடம் ஒண்ணு உண்டுன்னா அது தாபோ. அங்க இருக்கிற புத்த மடம் கி.பி. 996-ல கட்டினது. வெளியிலேருந்து பார்த்தா மண்சுவர், நம்ம ஊர் பழைய குதிர் மாதிரி மொட்டையா நிக்கும். உள்ள போனா சுவர் முழுக்க ஓவியம், சுவரிலேருந்து புடைச்சு நிக்கிற சுதைச் சிற்பங்கள். ஜன்னல் கிடையாது, மேல இருக்கிற சின்னத் திறப்பு வழியா வர்ற வெளிச்சம்தான். கண் பழக அஞ்சு நிமிஷம் ஆகும். வெளிச்சம் அடங்கின சின்ன டார்ச் கொண்டு போங்க. உள்ள போட்டோ கிடையாது, போனை வெளியிலேயே அணைச்சிடுங்க. சுவர்ல சாயாதீங்க. ஆயிரம் வருஷ மண், உங்க முதுகுப்பை ஜிப் ஒரு கோடு போட்டா போட்டதுதான்.

ஜூன் 1, காலை 6.50 | கணக்குப்பிள்ளை

இன்னொண்ணு. "ஆத்தோட கூடவே இறங்குற ரோடு"ன்னு சொன்னீங்க. தாபோவுக்குக் கீழ இருக்கிற சும்தோ தாண்டினா ரோடு திரும்ப நாகோவுக்கு ஏறுமே?

ஜூன் 1, காலை 8.10 | ஒத்தையடி

ஏறும். நான் முழுசா சொல்லல. காஸாவிலேருந்து தாபோ 47 கிலோமீட்டர், அங்கேயே 400 மீட்டருக்கு மேல இறங்கியாச்சு. சும்தோ வரைக்கும் இறக்கம்தான். அதுக்கப்புறம் நாகோ மேடு, பிறகு ஸ்பிதி ஆறு சட்லெஜ்ல கலக்கிற காப்ங்கிற இடம் வரைக்கும் திரும்ப இறக்கம். பெரும்பாலானவங்களுக்கு அந்த முதல் 400, 500 மீட்டர் இறக்கத்துலயே தெளிவு வரும். வரலைன்னா நாகோ மேட்டை ஒரே மூச்சுல தாண்டி பியோ போகணும். ஆனா ராத்திரி அந்த ரோட்டுல ஓட்டுறதுக்கு முன்னாடி காஸா ஆஸ்பத்திரியில ஆக்சிஜன் போட்டுப் பாருங்க, பாதிப் பேருக்கு விடியற வரைக்கும் அது தாங்கும்.

ஜூன் 1, காலை 8.40 | ஒத்தையடி

"பாதிப் பேருக்கு"ன்னு எழுதினதை அடிச்சிடுங்க, அது எந்தப் புள்ளிவிவரமும் இல்லை, பேச்சுவழக்கு. ஆக்சிஜன் நேரம் வாங்கிக் கொடுக்கும், இறக்கத்துக்கு மாத்து இல்லை.

ஜூன் 2, மாலை 5.30 | முல்லைப்பந்தல்

மாத்திரை பத்தி யாரும் பேசலையே. டயமாக்ஸ் போடணுமா?

ஜூன் 2, இரவு 8.45 | ஒத்தையடி

அக்கா, அசெடசோலமைட்தான் அதோட மருந்துப் பேர். முன்கூட்டியே தடுக்கிறதுக்கு 125 மில்லிகிராம், காலை ஒண்ணு இரவு ஒண்ணு, ஏறுறதுக்கு முந்தின நாளே ஆரம்பிக்கணும். உச்ச உயரத்துக்குப் போன பிறகு ரெண்டு நாள் தொடரணும். நம்ம ஊர் மருந்துக்கடையில 250 மாத்திரைதான் பெரும்பாலும் கிடைக்கும், பாதியா உடைக்கணும். விரல் நுனி, உதடு எறும்பு ஊர்ற மாதிரி இருக்கும், அது வழக்கம். அடிக்கடி ஒண்ணுக்கு வரும். சோடா குடிச்சா சப்புன்னு இருக்கும். சல்பா அலர்ஜி உள்ளவங்க, கிட்னி பிரச்சினை உள்ளவங்க டாக்டரைக் கேக்காம தொடவே கூடாது. மத்தவங்களும் ஊரிலேயே ஒரு வேளை போட்டுப் பார்த்துட்டுக் கிளம்புறது நல்லது. அலர்ஜி இருக்குன்னு காஸாவுல போய்க் கண்டுபிடிக்க வேண்டாம்.

கல்பா, தாபோ, காஸான்னு மெதுவா ஏறுறவங்களுக்குப் பெரும்பாலும் தேவைப்படாது. மணாலியிலேருந்து ஒரே நாள்ல ஏறுறவங்க அதைப் போட்டுக்கிட்டு "பாதுகாப்பா இருக்கோம்"னு நினைக்கிறதுதான் சிக்கல்.

தலைவலிக்குப் பாராசிட்டமால் போடலாம். தூக்க மாத்திரை வேண்டாம். முதல் ரெண்டு ராத்திரி சாராயம் வேண்டாம், அது உள்ளூர் அரக்கா இருந்தாலும் சரி. படுத்திருக்கும்போதே மூச்சு வாங்குது, இருமல்ல நுரை வருதுன்னா அது நுரையீரல்ல நீர் கோத்த அடையாளம், விடியட்டும்னு காத்திருக்காதீங்க.

ஜூன் 3, காலை 10.02 | ஒத்தைச்சக்கரம்

பைக்ல போறவனுக்கும் ரெண்டு வார்த்தை சொல்லுங்க. டயர்ல காத்து எவ்வளவு?

ஜூன் 3, காலை 11.30 | ஒத்தையடி

மேல போகப் போக வெளிக்காத்து அழுத்தம் குறையும், டயருக்குள்ள இருக்கிறது அப்படியே இருக்கும், அதனால கேஜ் கூடுதலா காட்டும். கீழ 32 அடிச்சிருந்தா 4,000 மீட்டர்ல 37, 38 காட்டும். சிப்ஸ் பாக்கெட் உப்புற அதே கதை. அஞ்சு புள்ளி இறக்கிடுங்க.

கார்புரேட்டர் வண்டின்னா மேல போனதும் பெட்ரோல் அதிகமாவும் காத்து கம்மியாவும் குடிக்கும், புகை கறுக்கும், ஐடில்ல திக்கும். ஏர் பில்டரைச் சுத்தம் பண்ணி, ஏர் ஸ்க்ரூவைக் கொஞ்சம் திறந்தா சமாளிக்கலாம். இன்ஜெக்ஷன் வண்டி தானே சரி பண்ணிக்கும். எதுவா இருந்தாலும் குன்சும் உச்சியில எஞ்சின் சக்தி மூணுல ஒரு பங்குக்கு மேல காணாமப் போயிடும். பின்னாடி ஆளை வெச்சுக்கிட்டு முதல் கியர்ல அழ வேண்டியிருக்கும்.

பெட்ரோல்: இந்தப் பக்கம் பியோவுல நிரப்பினா அடுத்தது காஸா, சுமார் 200 கிலோமீட்டர். அந்தப் பக்கம் காஸாவுல நிரப்பினா அடுத்தது மணாலி, அதுவும் சுமார் 200. ஆனா அந்த 200-ல பாதி முதல், ரெண்டாம் கியர். மைலேஜ் கணக்கை முக்கால்வாசியா வெச்சுக்கோங்க. பெட்ரோலைத் தண்ணி பாட்டில்ல எடுத்துட்டுப் போறவங்களைப் பார்க்கலாம், மேல போனா அதுவும் உப்பும், மூடி வழியாக் கசியும். இரும்புக் கேன்தான்.

ஜூன் 3, மாலை 4.20 | கணக்குப்பிள்ளை

டயர் கணக்குல குளிரை விட்டுட்டீங்க. கீழ 35 டிகிரியில 32 அடிச்சு, மேல 5 டிகிரியில காலைல அளந்து பாருங்க.

ஜூன் 3, இரவு 10.15 | ஒத்தையடி

உட்கார்ந்து போட்டுப் பார்த்தேன். 32-ஓட வெளியழுத்தம் 14.7 சேர்த்தா 46.7. 35 டிகிரியிலேருந்து 5 டிகிரிக்கு இறங்கினா அது 42 ஆகும். 4,000 மீட்டர்ல வெளியழுத்தம் சுமார் 9. கழிச்சா 33. உயரம் ஏத்தினதைக் குளிர் இறக்கிடுது. ஆகவே "அஞ்சு புள்ளி இறக்கிடுங்க"ங்கிறது தப்பு. காலைல வண்டி ஓட்டுறதுக்கு முன்னாடி, குளிர்ந்த டயர்ல கேஜ் வெச்சுப் பார்த்து முடிவு பண்ணுங்க. கல்லு ரோட்டுல பிடிப்புக்காகக் கொஞ்சம் இறக்கினா கேஜை ஞாபகத்துல வெச்சுக்கிட்டு, தார் ரோடு வந்ததும் திரும்ப அடிச்சிடணும். கால் பம்ப் ஒண்ணு பையில இருக்கட்டும்.

பத்து வருஷமா எல்லா இடத்துலயும் இதையே காப்பி அடிச்சு எழுதிட்டு இருக்காங்க, நானும்தான். கணக்குப்பிள்ளை பேருக்கேத்த ஆள்.

ஜூன் 5, மதியம் 2.48 | சோத்துமூட்டை

மேல அரிசி வேகாதுன்னு சொல்றாங்களே. குக்கர் தூக்கிட்டுப் போகலாமா?

ஜூன் 5, மதியம் 3.30 | ஒத்தையடி

திறந்த பாத்திரத்துல காஸாவுல தண்ணி 88 டிகிரியிலேயே கொதிச்சிடும், கோமிக்ல 85 பக்கம். அந்தச் சூட்டுல துவரம்பருப்பு மத்தியானம் வெச்சா ராத்திரிக்கும் கல்லு மாதிரி இருக்கும். ஆனா குக்கர் வெயிட் வெளியழுத்தத்துக்கு மேல ஒரு அளவு அழுத்தத்தைப் பிடிச்சு வைக்கும். கீழ 120 டிகிரி போறது அங்க 114 போகும். அரிசிக்கு ஒரு விசில் கூட, பருப்பை அரை மணி ஊறப் போட்டு மூணு விசில் கூட. அதனாலதான் ஸ்பிதியில எந்தச் சமையலறைக்குள்ள போனாலும் குக்கர் இருக்கு. தூக்கிட்டுப் போக வேண்டியதில்லை. கேஸ் கேனை பிளைட்ல ஏத்த விடமாட்டாங்க, மறந்துடாதீங்க.

அங்க போய் சாம்பார் தேடாதீங்க. வறுத்த பார்லி மாவு, பேரு சம்பா (கிச்சிலிச் சம்பா இல்லை). வெண்ணெய் போட்ட உப்பு டீயில அதைக் கொட்டி விரலால பிசைஞ்சு உருண்டை பிடிச்சுச் சாப்பிடுவாங்க. நம்ம கேழ்வரகுக் களி தெரிஞ்ச கைக்கு ரெண்டு நிமிஷத்துல பிடிபடும்.

ஜூன் 5, மாலை 6.10 | சோத்துமூட்டை

வீட்டுல காஸா போறேன்னு சொன்னேன். அம்மா டிவியை நிறுத்திட்டு அழ ஆரம்பிச்சுட்டாங்க.

ஜூன் 5, மாலை 6.14 | ஒத்தையடி

ஸ்பிதின்னு சொல்லுங்கய்யா.

ஜூன் 8, காலை 9.00 | முல்லைப்பந்தல்

நான் பஸ்ல மட்டும் போறேன், கூட அம்மா, வயசு 61. கார் வாடகை கட்டுப்படியாகாது. முடியுமா? கிராமங்கள்ல வீட்டுல தங்கினா கழிவறை எப்படி?

ஜூன் 8, இரவு 9.25 | ஒத்தையடி

முடியும். சொல்லப்போனா பஸ்ல போனா தானாவே சரியான வேகம் வந்துடும்.

சிம்லாவிலேருந்து ரெக்காங் பியோ முழுப் பகல். பியோவிலேருந்து காஸாவுக்குக் காலைல ஒரு அரசு பஸ், 200 கிலோமீட்டருக்குப் பத்து பன்னிரண்டு மணி நேரம். நீங்க காஸா வரைக்கும் போகாதீங்க, தாபோவுல இறங்குங்க. அம்மாவுக்கு அங்க ரெண்டு ராத்திரி. டிக்கெட்டைக் கல்பாவுல உட்கார்ந்துக்கிட்டு நினைச்சுப் பார்க்காதீங்க. பஸ் கிளம்புறது பியோ ஸ்டாண்டிலேருந்து, முந்தின சாயங்காலமே கவுண்டர்ல நேரத்தைக் கேட்டுட்டு, கிளம்புறதுக்கு ஒரு மணி முன்னாடி நில்லுங்க. சக்கரத்துக்கு மேல வர்ற சீட்டும் கடைசி வரிசையும் அம்மாவுக்கு வேண்டாம், இடுப்பு போயிடும்.

காஸாவிலேருந்து கிராமத்துக்குப் போற பஸ்ஸுக்கு ஒரு சூட்சுமம் உண்டு. கிப்பர் பஸ், 'பின்'ங்கிற பள்ளத்தாக்குல இருக்கிற முத் பஸ், ரெண்டும் பிற்பகல்ல காஸாவை விட்டுக் கிளம்பும், ராத்திரி கிராமத்துலேயே நிக்கும், காலைல திரும்பி வரும். டூரிஸ்ட்டுக்கு இது தலைகீழா தெரியும். அது கிராமத்துக்காரங்களுக்காக விட்ட பஸ். காலைல சந்தை, ஆபீஸ், ஆஸ்பத்திரின்னு காஸாவுக்கு வந்துட்டு சாயங்காலம் வீடு திரும்புறாங்க. நீங்க அதுல ஏறினா ஒரு ராத்திரி கிராமத்துல தங்கித்தான் ஆகணும். டாக்சியில நாலு கிராமத்தை ஒரே பகல்ல "முடிக்கிறவங்க" பார்க்காத ஸ்பிதி அந்த ராத்திரியிலதான் இருக்கு. ஆனா கிப்பர் 4,270, 500 மீட்டர் விதியைக் கொஞ்சம் தாண்டுது. காஸாவுல ரெண்டு ராத்திரி இருந்துட்டு அம்மா நல்லா சாப்பிட்டுத் தூங்குறாங்கன்னா மட்டும். முத் காஸாவை விடக் கொஞ்சம்தான் உயரம், அவங்களுக்கு அதுவே மேல். கிளம்புறதுக்கு முன்னாடி அவங்க பிரஷர், இதயத்துக்கு மாத்திரை எதுவும் சாப்பிட்டா அந்த டாக்டர்கிட்ட ஊர் உயரத்தை எண்ணுல சொல்லிக் கேளுங்க. "மலைக்குப் போறோம்"னா கொடைக்கானல்னு நினைச்சுக்கிட்டு சரின்னுடுவார்.

கழிவறை: பெரும்பாலான பழைய வீடுகள்ல உலர் கழிவறை. ரெண்டாம் தளத்துல மண் தரை, நடுவுல செவ்வகமா ஓட்டை, ஓரமா மண்ணும் சாம்பலும் குவிச்சு ஒரு மண்வெட்டி. போனதும் ரெண்டு வெட்டு மண் தள்ளணும். கீழ அறையில அது மக்கி, வசந்தத்துல பார்லி, பட்டாணி வயலுக்கு எருவாகப் போகும். நம்ம ஆளுங்க செய்ற தப்பு ஒரு வாளி தண்ணியை உள்ள ஊத்துறது. ஈரமானா மக்காது, நாறும், குளிர்ல உறைஞ்சு கெட்டியாகும், வசந்தத்துல கடப்பாரை போட வேண்டிவரும். ஒரு அரை லிட்டர் பாட்டில் அளவுக்குள்ள முடிச்சுக்கோங்க, அது யாரையும் கெடுக்காது. சாதா காகிதம் போடலாம். ஈரத் துடைப்பான் பிளாஸ்டிக் இழை, அது மக்கவே மக்காது, வயல்ல போய் நிக்கும்.

ஜூன் 9, காலை 7.20 | ஒத்தையடி

நேத்து விட்டது. வீட்டுக்குள்ள போனா சமையலறைதான் கூடம். நடுவுல தகர அடுப்பு, அவங்க தந்தூர்னு சொல்வாங்க, புகைக்குழாய் கூரை வழியா போகும். சுவரோரமா மெத்தை, முன்னாடி தாழ்ந்த மேசை. அடுப்புக்கு மேல்பக்கத்து இடம் பெரியவங்களுக்கும் லாமாவுக்கும். நீங்க கதவுப் பக்கமா உட்காருங்க, அவங்களே மேல கூப்பிடுவாங்க. ரெண்டு தடவை மறுத்துட்டு நகர்றது அங்கேயும் மரியாதைதான், நம்ம ஊர்ப் பந்தி மாதிரி.

டீ விஷயத்துல மாட்டிக்காதவங்க கிடையாது. கப்பைக் காலி பண்ணினா உடனே நிரப்புவாங்க. அது விதி, அன்பும்தான். நிறுத்தணும்னா நிறைஞ்ச கப்பை அப்படியே வெச்சிருங்க, அப்பப்போ ஒரு வாய். எழுந்திருக்கும்போது மொத்தமா குடிச்சு முடிங்க. "போதும் போதும்"னு கையை ஆட்டினா அதைக் கூச்சம்னு எடுத்துக்குவாங்க.

காலை அடுப்பையோ பூஜை அலமாரியையோ பார்த்து நீட்டாதீங்க. குப்பை, டிஷ்யூ, பிளாஸ்டிக் எதையும் அடுப்புல போடாதீங்க, அடுப்பு அவங்களுக்குச் சாமி இடம். ஸ்தூபி, மணிச்சுவர் (மந்திரம் செதுக்கின கல்லடுக்கு) வந்தா வலமா சுத்திப் போங்க. இதை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. காரை எந்தப் பக்கம் ஓட்டணும்னு மட்டும் யோசிக்க மாட்டோம். ரோடு ஸ்தூபிக்கு ரெண்டு பக்கமும் பிரியுற இடங்கள்ல உள்ளூர் வண்டியைப் பார்த்துத் திருப்புங்க.

வணக்கம், நன்றி, போய்ட்டு வரேன் மூணுக்கும் ஒரே சொல்: ஜூலே. இந்தி தெரியலையேன்னு கவலைப்படாதீங்க, உள்கிராமத்துப் பாட்டிமாருக்கும் அது ரெண்டாம் மொழிதான்.

ஜூன் 11, இரவு 11.05 | கடல்கடந்தவன்

எனக்கு சிங்கப்பூர் பாஸ்போர்ட். பெர்மிட் வேணுமா?

ஜூன் 12, காலை 6.40 | ஒத்தையடி

வேணும். பியோவுக்கும் சும்தோவுக்கும் நடுவுல எல்லை ஒட்டின பகுதி, வெளிநாட்டு பாஸ்போர்ட்டுக்கு இன்னர் லைன் பெர்மிட் கட்டாயம். பியோ, சிம்லா, காஸாவுல கொடுப்பாங்க. அரசு ஆபீஸ், ஞாயித்துக்கிழமை போய் நின்னா ஒரு நாள் போச்சு. இந்திய பாஸ்போர்ட்காரங்களுக்கு வேண்டாம், அடையாள அட்டை போதும். மணாலி, காஸா ரோட்டுக்கு வெளிநாட்டவருக்கும் தேவையில்லை, அதனாலேயே நிறைய பேர் அந்தப் பக்கம் ஏறி அவஸ்தைப்படுறாங்க. ரெண்டு நகல், போட்டோ நாலு கையில இருக்கட்டும்.

இந்த இழையைப் படிச்ச யாரோ ப்ரீபெய்டு சிம் வேலை செய்யாதுன்னு எனக்குத் தனியா எழுதியிருக்கார். அது லடாக், காஷ்மீர் பக்கத்து விதி. இமாச்சல்ல அந்தத் தடை கிடையாது. காஸாவுல டவர் எடுக்கும், கிராமத்துல மலை விட்டா எடுக்கும். ரொக்கமா பணம் வேணும். காஸாவுல ஏடிஎம் இருக்கு, அதுல பணம் இருக்கிறது வேற விஷயம்.

ஜூன் 15, மாலை 7.12 | கியர்வண்டி

எங்க லீவு தள்ளிப்போச்சு. ஜூலை கடைசி வாரம்தான். ஸ்பிதி மழை மறைவுப் பிரதேசம், பிரச்சினை இல்லையே?

ஜூன் 15, இரவு 10.50 | ஒத்தையடி

தம்பி, இப்போ நான் மே 29-ல சொன்னதையே திரும்ப யோசிக்கணும்.

ஸ்பிதி மழை மறைவுதான். அங்க போற ரெண்டு ரோடும் மழை மறைவுல இல்லை. ராம்பூர்லேருந்து பியோ வரைக்கும் சட்லெஜ் பள்ளத்தாக்குல மழைக்காலம்னா மலை நகரும். 2021 ஆகஸ்ட் 11-ல நிகுல்சாரிகிட்ட சரிஞ்ச மலை ஒரு அரசு பஸ்ஸையும் வண்டிகளையும் மூடி 28 பேர் போனாங்க. மணாலிப் பக்கம் குலு பள்ளத்தாக்கும் அதே கதி. உயரத்துக்குக் கின்னௌர் நல்லது, ஜூலை ஆகஸ்ட் மழைக்கு ரெண்டுமே நல்லதில்லை.

செப்டம்பர் நடுவுலேருந்து அக்டோபர் முதல் வாரத்துக்குத் தள்ள முடியுமான்னு பாருங்க. வானம் துடைச்ச மாதிரி இருக்கும், ஓடைகள்ல தண்ணி வத்தியிருக்கும், குன்சும் பெரும்பாலும் திறந்திருக்கும். முடியவே முடியாதுன்னா ரெண்டு நாள் கையிருப்பு வெச்சுக்கிட்டுக் கிளம்புங்க. மழையில ராத்திரி ஓட்டாதீங்க. மேலேருந்து சின்னச் சின்னக் கல்லு உருள ஆரம்பிச்சா போட்டோ எடுக்காம பின்னாடி போங்க, பெருசு அதுக்கப்புறம்தான் வரும்.

ஜூன் 16, காலை 8.00 | ஒத்தைச்சக்கரம்

செப்டம்பர்னா மணாலிப் பக்கத்து ஓடைகளைக் கடக்குறது எப்படி? கிராம்பூ, பாதால் வழி.

ஜூன் 16, காலை 9.35 | ஒத்தையடி

பனிமலையிலேருந்து உருகி வர்ற ஓடை. காலைல முழங்காலுக்குக் கீழ, மூணு மணிக்கு அதே இடம் தொடைக்கு மேல. காஸாவுல அஞ்சு மணிக்குக் கிளம்பினா பாதால் தாண்டுற வரைக்கும் தண்ணி கம்மிதான். காத்திருக்கிற வண்டி வரிசையில முன்னாடி போறவர் கரையேறின பிறகுதான் இறங்கணும். முதல் கியர், ஆக்சிலேட்டர் ஒரே அளவு, கிளட்சைத் தொடக் கூடாது, பார்வை எதிர்க்கரையில. தண்ணியைப் பார்த்தா அது ஓடுற பக்கமே வண்டியும் சாயும். நடுவுல நின்னுட்டா உடனே ஸ்டார்ட் பண்ணாதீங்க. சைலன்சர் வழியா தண்ணி ஏறியிருந்தா ராடு வளையும். தள்ளிக் கரையேத்தி, பிளக்கைக் கழட்டி, காலி ஸ்டார்ட் அடிச்சுத் தண்ணியைத் துப்பவிட்டு அப்புறம்.

ஜூன் 16, காலை 9.50 | கணக்குப்பிள்ளை

தண்ணி ஏறுறது பெரும்பாலும் ஏர் பில்டர் வழியா. சைலன்சர் வழியா இல்லை.

ஜூன் 16, காலை 10.01 | ஒத்தையடி

ஆமா. இழுக்குற பக்கம் ஏர் பில்டர்தான். ஓடிட்டிருக்கிற எஞ்சின் சைலன்சர்ல வெளியே ஊதிட்டே இருக்கும், நின்ன பிறகுதான் அந்தப் பக்கம் ஏறும்.

ஜூன் 20, இரவு 8.30 | சோத்துமூட்டை

லாங்ஸாவுல நத்தைக்கல்லு விக்கிறாங்களாமே, சாளக்கிராமம் மாதிரி. வாங்கலாமா?

ஜூன் 20, இரவு 9.44 | ஒத்தையடி

மாதிரி என்ன, அதேதான். அம்மோனைட், கல்லாகிப் போன பழங்காலக் கடல்பிராணி. டெத்தீஸ்ங்கிற பழைய கடல் அடியில கிடந்தது இமயமலையோட சேர்ந்து 4,400 மீட்டருக்கு எழும்பியிருக்கு. அரியலூர்க்காரங்களுக்கு இது புதுசில்லை, அங்க வயல்லேயே கிடைக்கும், வயசுல கொஞ்சம் இளையது. வாங்காதீங்க. விலை இருக்குன்னு தெரிஞ்சதாலதான் பசங்க ஓடையோரம் தோண்டுறாங்க. கையில எடுத்துப் பாருங்க, வரிப்பள்ளத்தை விரலால தடவிப் பாருங்க, எடுத்த இடத்துலேயே வைங்க.

அதே பணத்துக்கு ஹிக்கிம் தபால் நிலையத்துல பத்து கார்டு வாங்குங்க. 1983-ல திறந்தது, சுமார் 4,400 மீட்டர். கார்டுல பேனா மை குளிர்ல சரியா இறங்காது, பென்சில்தான். பனிக்காலத்துல மூடியிருக்கும்.

ஜூன் 21, காலை 6.30 | ஒத்தையடி

கியூ கிராமத்து லாமா பத்தி ரெண்டு பேர் கேட்டிருந்தாங்க. சும்தோவுக்கும் தாபோவுக்கும் நடுவுல பிரியுற ரோடு. சுமார் 500 வருஷத்துக்கு முந்தின துறவி, உட்கார்ந்த நிலையில, தைலம் எதுவும் போடாம தானா உலர்ந்த உடம்பு. 1975 ஜனவரி 19 கின்னௌர் நிலநடுக்கத்துல சமாதி உடைஞ்சு தெரியவந்தது. பல்லும் தலைமுடியும் இன்னும் இருக்கு. கண்ணாடிக்குப் பின்னாடி வெச்சிருக்காங்க. கிராமத்துக்காரங்களுக்கு அவர் "மம்மி" இல்லை, சாமி. செல்பிக்கு முன்னாடி அதை ஞாபகம் வெச்சுக்கோங்க.

ஜூலை 2, இரவு 10.20 | கியர்வண்டி

அக்டோபர் 1 முதல் 10 நாள் போட்டாச்சு. கின்னௌர் வழி, தாபோவுல ரெண்டு ராத்திரி, காஸா ரெண்டு, லாங்ஸா ஒண்ணு. கூடுதலா கிடைச்ச நாள்ல சந்திரதால் சேர்க்கலாமா?

ஜூலை 2, இரவு 11.02 | ஒத்தையடி

4,250 மீட்டர். காஸாவிலேருந்து லாங்ஸா 700 மீட்டர் ஏத்தம், விதியைத் தாண்டுது, காஸாவுல ரெண்டு ராத்திரி நல்லா தூங்கினா மட்டும் அங்க படுங்க. அப்படி 4,400-ல படுத்து எழுந்தவனுக்குச் சந்திரதால் உயரம் பிரச்சினையில்லை. பிரச்சினை குளிரும் கூடாரமும். ஏரிக்கரையில டெண்ட் போடத் தடை, சில கிலோமீட்டர் தள்ளித்தான் முகாம்கள், அக்டோபர் பிறந்தா ஒவ்வொண்ணா பிரிச்சுட்டுப் போயிடுவாங்க. போன் பண்ணி ஆள் இருக்காங்களான்னு கேக்காம போகாதீங்க. இல்லைன்னா குன்சுமுக்கு முன்னாடி இருக்கிற லோசர் கிராமத்துல ஒரு வீட்டுல படுத்து, காலைல குன்சும் தாண்டி, ரோடு பிரியுற இடத்துலேருந்து ஏரிக்குப் போய்ப் பார்த்துட்டு அப்படியே மணாலி இறங்குங்க.

அறைக்குள்ள கரி அடுப்பை மூட்டிக்கிட்டு ஜன்னலை அடைச்சுப் படுக்காதீங்க. குழாய் இல்லாத கரி அடுப்பு ராத்திரியில ஆளைக் கொல்லும். தூங்குற பைக்குள்ள வெந்நீர் பாட்டில் போதும். கேமரா பேட்டரியையும் பைக்குள்ள போட்டுக்கோங்க.

ஜூலை 3, காலை 7.15 | கியர்வண்டி

குன்சும் தாண்டுறதுக்கு முந்தின நாள் பனி விழுந்து அது மூடிட்டா?

ஜூலை 3, காலை 7.22 | ஒத்தையடி

வந்த வழியே தாபோ, நாகோ, பியோ. ரெண்டு நாள். அதுக்குத்தான் ரிட்டர்ன் பிளைட்டைப் பத்தாம் நாள் காலைல போடாதீங்கன்னு சொல்ல வந்தேன், எங்கேயோ விட்டுப்போச்சு. போட்டாச்சா?

ஜூலை 3, காலை 7.23 | கியர்வண்டி

போட்டாச்சு.

ஜூலை 3, காலை 7.40 | ஒத்தையடி

மாத்துங்க. மாத்துறதுக்குக் காசு பிடிப்பாங்கன்னா லாங்ஸாவை வெட்டுங்க, தாபோவுல கை வைக்காதீங்க. லாங்ஸாவை வெட்டிட்டா சந்திரதால்ல படுக்கிறதும் போச்சு, அதையும் சேர்த்து யோசிச்சுக்கோங்க.